இதில் பதினொன்று, அதில் மூன்று

அந்த வியாழக்கிழமை காலை புன்னைமுனைக் கோயில் மணிக்கூண்டின் மேல்தட்டில் இருந்தவர்கள் இவர்கள்: பங்குச்சாமி எரோணிமுஸ், ஊர்க்கமிட்டித் தலைவர் தொபியாஸ், அவருக்குக் குடை பிடிப்பதற்கென்றே கூட வருகிற அவருடைய மச்சினன், கோயில் உபதேசியார், புருஷனையும் இரண்டு மகன்களையும் ஒரே படகில் அனுப்பியிருந்த பெர்பேத்தம்மாள், அவளுடைய இரண்டு மருமகள்கள், கஸ்பாரின் மனைவி ரொசாலி, கடைசியாக நான். ஒன்பது பேர். தொபியாஸ் வீட்டு நாயும் அறுபத்திரண்டு படி ஏறி வந்திருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களை எண்ணி அனுப்புவதும், வருகிறவர்களை எண்ணி இறக்குவதும் என் வேலை. வருகிற படகு கண்ணில் பட்டதும் அதில் இருக்கிறவர்களை எண்ணி ஆளுக்கு ஓர் அடியாகக் கோயில் மணியை அடிப்பேன். அதற்குக் கண்ட மணி என்று பெயர். கண்ட மணி அடித்துவிட்டால் அந்தப் படகு தானாகக் கரைக்கு வரவேண்டும், யாரும் எதிர்கொண்டு போகக்கூடாது, படகில் இருக்கிறவர்களும் படகை விட்டு இறங்கக்கூடாது, அது கரை ஏறும்வரை ஊரில் வேறு எந்தப் படகும் கடலில் இறங்கக்கூடாது. எதிர்கொண்டு போனால், கண்டதைக் காணவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அப்படிச் சொன்ன பிறகு அந்த ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை.

திங்கட்கிழமை விடிந்ததும் இருபத்துநான்கு படகுகள் போயின. அன்று இரவே காற்று திரும்பி மரங்களைச் சாய்த்தது. செவ்வாயும் புதனும் இருபத்துமூன்று படகுகள் உடைந்தும் உடையாமலும் வந்து சேர்ந்தன. பதினொரு பேருடன் போன ஆரோக்கிய மேரி மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை எங்களிடம் இரண்டு பைனாகுலர்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, உடைப்பதற்கு வந்த ஒரு கப்பலிலிருந்து என் மாமா வாங்கியது, முப்பத்தோரு வருஷமாக என் கழுத்தில் கிடப்பது. மற்றது பங்குச்சாமியுடையது, அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பி ஆறு மாதம்கூட ஆகாதது. அதன் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் வண்டின் முதுகுபோல் பச்சையாக மினுங்கும். சாமி தன்னுடையதை வைத்துக் கிழக்கே பார்த்தார், வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். நான் அதை வாங்கிப் பார்த்தேன். கடல் கழுவித் துடைத்ததுபோல் தெளிவாக இருந்தது, அலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது, படகு இல்லை. பிறகு என் பழைய கண்ணாடியை வைத்தேன். பால் கலந்ததுபோல் மங்கலாக, ஓரங்கள் இருண்டு தெரிகிற அந்த வட்டத்தின் நடுவில் ஆரோக்கிய மேரி நின்றது. ஆட்களை எண்ணினேன். பதினொரு பேர். மறுபடி எண்ணினேன். பதினொரு பேர்தான்.

வாங்கிப் பார்த்த மற்ற எட்டுப் பேரும் பதினொன்று என்றார்கள். பெர்பேத்தம்மாள் முழங்காலில் விழுந்தாள். நான் மணிக்கயிற்றைப் பிடித்துப் பதினொரு அடி அடித்தேன். கீழே ஊர் முழுவதும் ஓவென்று எழுந்து நின்றது.

"அப்ப எம் கண்ணாடியில ஏன் தெரியல?" என்று சாமி கேட்டார்.

"சாமி, ஒங்க கண்ணாடிக்கு நம்ம ஊர் ஆளுகளத் தெரியாதுல்லா. புதுசு," என்றார் தொபியாஸ். எல்லோரும் சிரித்தார்கள். சாமி முகம் சுருங்கிப்போய்க் கண்ணாடியைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பூசைப்பொருள் அறையில் வைத்துப் பூட்டினார். தேடிக்கொண்டிருந்த அதிகாரிகளுக்குத் தொபியாஸ் போன் போட்டு, பதினொரு பேரையும் கண்டாகிவிட்டது, இனிமேல் தேடவேண்டாம் என்று சொன்னார்.

அன்று மத்தியானம் படகு வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. என் கண்ணாடியில் அது நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவன் வலையை உதறினான், ஒருவன் தலை சீவினான், பெர்பேத்தம்மாளின் புருஷன் படகின் முன்தலையில், அணியத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி குடித்தார். ஊர் இதைப் பழகிக்கொள்ள ஒரு பகல் போதுமாக இருந்தது. வீட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டு என்று முறை வைத்தார்கள். விரல் நீளத் துண்டு எரிந்து முடியும்வரை அந்த வீட்டார் பார்க்கலாம். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, நல்ல சேலை உடுத்தி ஏறினார்கள். ஒருத்தி பிள்ளையின் புதுப் பல்லைக் கண்ணாடிக்கு நேராகக் காட்டினாள். ஒருத்தி, கடனுக்கு வாங்கிய வலையை ஏன் அண்ணனிடம் சொல்லாமல் எடுத்துப் போனீர் என்று கடலைப் பார்த்துச் சண்டை போட்டாள். பார்த்து முடித்தவர்கள் கண்ணீர் பட்ட கண்ணாடியை முந்தானையால் அழுத்தித் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். அந்த முந்தானைகளில் உப்பும் மணலும் இருந்தன.

"மயினி, ஒங்க வீட்டுக்காரரு இன்னும் முதுகத்தான் காட்டுதாரா?" என்று வரிசையில் நின்றவள் கேட்டாள்.

"முப்பத்தாறு வருசமா அதத்தான காட்டுதாரு," என்றாள் பெர்பேத்தம்மாள். "இப்ப மட்டும் திரும்பிருவாராக்கும்!"

பதினொரு பேரில் பத்துப் பேருக்கு வரிசையில் ஆள் இருந்தது. சலேத் என்ற பையனுக்கு மட்டும் யாரும் இல்லை. இருபத்தாறு வயது, தாய் தகப்பன் இல்லாமல் வலைக்கூடத்தில் படுத்து வளர்ந்தவன். அவனுடைய மெழுகுவர்த்தித் துண்டை உபதேசியார் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

ரொசாலி வெள்ளிக்கிழமை காலை தன் முறையில் ஏறினாள். துண்டு எரிந்து முடிவதற்கு முன்பே கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கையில ரெண்டு விரல் கெடையாது?"

"எடது கையில," என்றேன். கயிறு சுற்றி அறுத்த அன்று நான்தான் எண்ணி இறக்கினேன்.

"இதுல வலது கையில இல்ல. பாருங்க. படகு நம்பரும் எடம் வலம் திரும்பி இருக்கு."

பார்த்தேன். இருந்தது. பிறகு அவள் என் தோளைப் பிடித்து என்னை மேற்கே திருப்பினாள். உப்பளத்தின் மேல் ஆரோக்கிய மேரி நின்றது. தெற்கே திருப்பினாள். பள்ளிக்கூடத்துக் கூரைமேல் நின்றது.

தொபியாஸிடம் சொன்னோம். அவர் கண்ணாடியை வாங்கிக் கோயில் சுவரைப் பார்த்தார். படகு சுவரில் நின்றது. "பாத்தியளா, கோயில் வரைக்கும் வந்துட்டாங்க!" என்றார். அன்று முதல் ஊரில் சிலர் மணிக்கூண்டுக்கு வருகிற பாதி வழியிலேயே நின்று அந்தச் சுவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

"எனக்குச் சுவரு வேண்டாம்," என்றாள் ரொசாலி. "ரெண்டு படக எறக்கித் தேடுங்க. எம் புருசன் உசுரோட இருந்தா கொண்டாங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

"மணி அடிச்சாச்சு, ஏட்டி. கூறோட பேசு."

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆட்களின் முகம் இன்னும் துலக்கமாகத் தெரியவேண்டும் என்று தொபியாஸ் தூத்துக்குடியிலிருந்து மீரான் பாயை வரவழைத்தார். கப்பல் கருவிகளைப் பிரித்துச் சரிபார்க்கிறவர். பூசைப்பொருள் அறையின் மேற்கு ஜன்னலோரம் உட்கார்ந்து என் கண்ணாடியில் ஆட்களைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை, இப்படி ஒரு கண்ணாடி தான் பார்ப்பது இது மூன்றாவது என்று மட்டும் சொன்னார். சாமியுடையதையும் எடுக்கச் சொல்லி, இரண்டையும் கை நீட்டத்துக்கு வானத்தைப் பார்க்கப் பிடித்தார்.

"கண்ணு வைக்கிற பக்கத்துல வெளிச்சப் பொட்டு தெரியுதா? சாமியோடது முழு வட்டம், ஒரே வெளுப்பு. இது நாலு ஓரமும் வெட்டுப்பட்டு டைமன் சீட்டு மாதிரி இருக்கு. உள்ள இருக்க பிரிசம் மட்டமான கண்ணாடி, ஓரத்து வெளிச்சத்த முழுசாத் திருப்ப மாட்டேங்குது." பிறகு முன்பக்கத்தைச் சாய்த்தார். என் கண்ணாடியில் ஜன்னல் வெள்ளைவெளேரென்று தெரிந்தது. சாமியுடையதில் மங்கலாக, பச்சையாகத் தெரிந்தது. "இதுல வெளிச்சம் திரும்பாம இருக்கப் பூசுற கோட்டிங் கெடையாது. இருந்ததையும் தொடச்சே தேச்சுட்டிய. முன்னால ரெண்டு முகம், பிரிசத்துக்கு நாலு, கண்ணுப் பக்கம் நாலு, ஆகப் பத்து முகம். ஒவ்வொரு முகத்துலயும் நூத்துக்கு நாலஞ்சு பங்கு வெளிச்சம் திரும்பிரும். கடைசியில கண்ணுக்கு வாறது அறுபதோ அறுபத்தஞ்சோ."

"மிச்சம்?" என்றேன். மிச்சம் எங்கே போகிறது என்று தெரியாமல் எனக்கு உட்கார முடியாது.

"கொஞ்சம் முன்பக்கமாவே வெளிய போயிரும். கொஞ்சம் உள்ள சுத்திச் சுத்தி வந்து கறுப்புப் பெயின்ட்ல செத்துரும். ஒம்மதுல பெயின்ட் உதிர்ந்து போச்சு, சாக எடமில்ல. திங்கக்கெழம கால நீரு எண்ணி அனுப்புனீருல்லா, அந்த வெளிச்சம் இது. ஒரு தடவ கூடுதலாத் திரும்புன வெளிச்சம், அதான் எடம் வலம் மாறி நிக்குது." சாமியின் கண்ணாடியைத் துணியில் சுற்றி மேசையில் வைத்தார். "கோட்டிங் போட்டதுல உள்ள ஒண்ணும் தங்காது. இப்ப என்ன இருக்கோ அதத்தான் காட்டும். இத மேல கொண்டு போய் நாளக்கிக் கால ஒரு தடவ பாருங்க."

வாசலில் ரொசாலி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மணி அடிச்ச பெறகு வேற கண்ணாடி வச்சுப் பாக்கது சந்தேகம்," என்றார் தொபியாஸ். "பாய், நீரு வெளியூரு. சோறு சாப்பிட்டுட்டுப் போரும்." பெட்டி மறுபடி பூட்டப்பட்டது.

சனிக்கிழமை முழுவதும் ரொசாலி ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்ப் படகு கேட்டாள். அறுபத்தெட்டு வீடு. சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் காப்பி கொடுத்தார்கள். படகு கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் எல்லோரும் முழங்காலில் இருந்தபோது அம்மிக்குழவியால் பெட்டியின் பூட்டை உடைத்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு மணிக்கூண்டில் ஏறினாள். நான் மேல்தட்டில்தான் இருந்தேன். மணி எட்டு நாற்பது. சூரியன் கடலுக்குமேல் நேராக எங்கள் முகத்தில் அடித்தது. அவள் கண்ணாடியை வைத்துக் கிழக்கே பார்த்தாள், கொஞ்சம் வடக்கே திருப்பினாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, எண்ணுங்க."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு கடல்மைல் இருக்கும். கவிழ்ந்த படகின் அடிப்பக்கம் கறுப்பாக மிதந்தது. அதன் மேல் மூன்று தலைகள். ஒன்று கையைத் தூக்கியது. எத்தனை விரல் என்று தெரியவில்லை. அதே திசையில் என் பழைய கண்ணாடியை வைத்தேன். அந்தக் கறுப்புத் துண்டு இருக்கவேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு ஆரோக்கிய மேரி நிமிர்ந்து நின்றது, பதினொரு பேர் அதில் இருந்தார்கள், ஒருவன் தலை சீவினான்.

ரொசாலி கத்திக்கொண்டே இறங்கினாள். கண்ணாடிகளை மேலேயே வைத்துவிட்டு நானும் பின்னால் இறங்கினேன். பூசை பாதியில் நின்றது. கோயிலில் இருந்த எல்லோரும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். மேலே ஏற முடிந்தவர்கள் ஏறி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

"மூணு பேருன்னா எந்த மூணு பேரு?" என்று பெர்பேத்தம்மாள் கேட்டாள். "மொகம் தெரியுதாட்டி? எனக்கு அந்தப் படகுல மூணு பேரு இருக்காங்க. பழைய கண்ணாடியில அந்த மூணு பேரும் இருக்காங்க. புதுசுல தெரியுத மூணுல ஒருத்தராவது எனக்கு உண்டுன்னு சொல்லு, நானே படகத் தள்ளுதேன்."

"தெரியல மயினி," என்றாள் ரொசாலி.

"அப்ப எட்டுப் பேரு செத்தாச்சுன்னு சொல்லச் சொல்லுத. யாருன்னும் தெரியாம சொல்லச் சொல்லுத. ஒம் புருசனுக்காவ எம் பிள்ளையளக் கொல்லச் சொல்லுத."

"அய்யோ, அந்த மூணு பேரும் செத்துருவாங்களே!"

தொபியாஸ் என்னைப் பார்த்தார். "நீரு எண்ணுகவரு. சொல்லும். எத்தன?"

நான் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவன். முந்நூறு முகம் என்னைப் பார்த்தது. சரியாகச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"இதில் பதினொன்று," என்றேன். "அதில் மூன்று."

"எத எடுத்துக்கிடணும்?"

நான் எண்ணியதைத்தான் சொல்லமுடியும், எதை எடுத்துக்கொள்வது என்று சொல்வது என் வேலை இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஊர் பதினொன்றை எடுத்துக்கொண்டது. பதினொரு பேர் கையில் இருக்கும்போது மூன்று பேரை யார் எடுப்பார்கள்? சாமி மறுபடி பூசைக்குப் போனார், ஜனங்களும் பின்னால் போனார்கள், விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது. ரொசாலி கடற்கரைக்கு ஓடி கஸ்பாரின் சின்ன வள்ளத்தைத் தள்ளினாள். நானும் போய்த் தள்ளினேன். அந்த வள்ளத்தை இறக்க ஆறு பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர். நான்கு முழம் நகர்ந்து மணலில் புதைந்தது. பத்து மணிக்கு, கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற கரைக்காற்று வலுத்தது. மத்தியானம் ஒரு மணிக்கு நான் ஏறிப் பார்த்தபோது சாமியின் கண்ணாடியில் கடல் மறுபடி வெறுமையாக, மிகத் தெளிவாக இருந்தது.

புதன்கிழமை சலேத் வந்தான். செவ்வாயன்று வெளியூர்ப் படகு ஒன்று அவனை எடுத்து, ஒரு சாக்கைச் சுற்றி, லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தது. உதடு வெடித்து, தோல் உரிந்து, கோயில் முற்றத்தில் அவன் உட்கார்ந்தான். ஜனங்கள் அவனைத் தொடவில்லை. ஒருத்தி மேலே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, சலேத் படகில்தான் இருக்கிறான் என்று சொன்னாள். அதனால் இவன் யார் என்று சிலர் கேட்டார்கள்.

"நாந்தான்," என்றான். "மத்தவங்களச் சொல்லட்டா?"

சொன்னான். நான் எழுதிக்கொண்டேன். திங்கள் இரவு படகு கவிழ்ந்ததும் இரண்டு பேர் போனார்கள், ஒன்பது. புதன்கிழமை ஒருவர், எட்டு. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் ஒருவர், ஏழு. வெள்ளிக்கிழமை விடிந்தபோது மணிக்கூண்டு தெரிந்தது.

"அதுல இருந்து வெள்ள வெளிச்சம் பளிச்சுப் பளிச்சுன்னு அடிச்சுது. ஒங்க கண்ணாடின்னு தெரிஞ்சு போச்சு, அண்ணாச்சி. கண்டுட்டாங்கன்னு எல்லாரும் அழுதோம். கஸ்பார் அண்ணன் நீந்தட்டான்னு கேட்டாரு. பெர்பேத்து அக்கா வீட்டுக்காரருதான், கண்ட பெறகு படக விட்டு எறங்கப்பிடாது, ஊருக்கு ஆகாதுன்னாரு. கெடந்தோம். வெள்ளிக்கெழம கால பூரா அடிச்சுது. சனிக்கெழம கால பூரா அடிச்சுது. அஞ்சு பேரா ஆனோம். ஞாயித்துக்கெழம மூணு பேரு."

எங்கள் கண்ணுக்கு வராமல் திரும்பிப்போன வெளிச்சம், வரிசையில் நின்ற ஒவ்வொரு வீட்டாரும் திருப்பி அனுப்பிய வெளிச்சம், இரண்டு நாள் காலையும் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழம கால ஒரே ஒரு தடவ பச்சையா மினுங்குச்சு," என்றான் சலேத். "கஸ்பார் அண்ணன், இது வேற யாரோ பாக்காங்க, இது நம்மளத்தான் பாக்குன்னு சொல்லிட்டுக் குதிச்சு நீந்துனாரு. அரமணி நேரம் தல தெரிஞ்சுது. காத்துக்கு எதுக்கப் போனாரு. எங்கூட மிச்சம் இருந்தவரும் திங்கக்கெழம போயிட்டாரு."

ரொசாலி கூட்டத்தின் முன்னால் நின்றாள். அழவில்லை. என்னிடம் திரும்பி, "நாம பாத்தப்ப எத்தன மணி அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எட்டு நாற்பது."

"எட்டு நாப்பது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலமே கஸ்பாரின் சட்டை இரண்டு, கைலி ஒன்று, செருப்பு ஒரு ஜோடி ஆகியவற்றைச் சவப்பெட்டியில் வைத்து, உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிறபடி கல்லறையில் இறக்கினாள். சாமியும் உபதேசியாரும் நானும் சலேத்தும் போனோம். மறுநாள் என் கண்ணாடியில் எண்ணினேன். பத்துப் பேர். கஸ்பார் இருந்த இடத்தில் பலகை மட்டும் தெரிந்தது.

இது தெரிந்ததும் யாரும் பெட்டி செய்ய முன்வரவில்லை. சலேத்துக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அவனை எதிரே கண்டால் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எம் பிள்ளைக்குப் பதில் நீ ஏன் வந்த என்று வாய்விட்டே கேட்டார்கள், அவனும் நின்று கேட்டுவிட்டு, தெரியல அக்கா என்று சொல்லிவிட்டுப் போவான். ஆனாலும் கண்ணாடியில் பூஞ்சை பிடித்தது. பிரிசத்தில் வெள்ளை வேர்கள்போல் படர்ந்து முகங்களை மூடியது. முகம் மூடப்பட்டவர்களின் வீட்டார், ஒன்றுமே தெரியாமல் போவதற்கு முன்பு, ஒவ்வொருவராகப் பெட்டி செய்தார்கள். மார்கழியில் இரண்டு, தவக்காலத்தில் மூன்று, சித்திரைக்குப் பிறகு ஒன்று. பெர்பேத்தம்மாள் பதினொரு மாதம் தாங்கினாள். கடைசியில் மூன்று பெட்டிகளையும் ஒரே நாளில் இறக்கினாள். அதற்கு முன்பு ஒரு தடவை மேலே ஏறி, முதுகைப் பார்த்து, "ஒம்ம அந்த 'ஊருக்கு ஆகாது'ங்கறத எடுத்துக்கிட்டுப் போவும்," என்றாள். மருமகள்கள் அவளைத் தாங்கி இறக்கினார்கள்.

பிறகு கண்ட மணி அடிப்பதை ஊர் நிறுத்திவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் கயிற்றைத் தொடவில்லை, யாரும் கேட்கவில்லை.

சலேத் கடலுக்குப் போவதில்லை. உப்பளத்தில் கூலிக்கு இருக்கிறான். போன வாரம் மேலே ஏறி வந்தான். தனக்கும் ஒரு பெட்டி செய்து இறக்கலாமா என்று சாமியிடம் கேட்டதாகவும், உயிரோடு இருக்கிறவனுக்குப் பூசை கிடையாது என்று சாமி சொல்லிவிட்டதாகவும், தனக்காகப் பெட்டி எடுத்துவரவும் ஆள் இல்லை என்றும் சொன்னான். பிறகு கடலைப் பார்க்கத் திரும்பினான். கண்ணாடியைத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி. நான் இன்னும் இருக்கேனா?"

வைத்துப் பார்த்தேன். பூஞ்சைக்கு நடுவில் ஆரோக்கிய மேரி நின்றது. அணியத்திலிருந்து பின்தலைவரை ஒவ்வொரு பலகையாகப் பார்த்து எண்ணினேன். தவறிவிடக்கூடாது என்று மறுபடி எண்ணினேன்.

ஒன்று.